சன்ஷேடுக்குக் கம்பி எங்கே வரும்

ஒன்பதரை மணி அடித்து ஓய்ந்ததும் சற்குணம் வினாத்தாள்களைக் கொடுத்து முடித்து, மேடைமேல் கிடந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்து தலைகளை எண்ணினார். ஐம்பத்தொன்பது. எண்ணாமலே தெரிந்ததுதான், இருந்தாலும் தான் குனிந்து தாள் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அறுபதாவது தலை சத்தமில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று ஒரு நப்பாசை. இல்லை. மூன்றாவது வரிசையில் சன்னலோரத்து இடம் காலியாகத்தான் கிடந்தது. பெஞ்சின்மேல் சாக்பீஸால் எழுதிவைத்த பதிவெண்ணில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. அரை மணி நேரம் வரைக்கும் தாமதமாக வரலாம் என்பது கல்லூரியின் விதி. பத்து மணிக்கு மேல் கலெக்டர் மகளே வந்து நின்றாலும் உள்ளே விடக்கூடாது, வருகைத் தாளில் சிவப்பு மையால் 'ஆப்சென்ட்' என்று எழுதி அலுவலகத்துக்கு அனுப்பிவிட வேண்டும். மாடல் தேர்வு எழுதாதவர்களுக்குப் பல்கலைக்கழகத் தேர்வுக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்பது அடுத்த விதி. ஆக மூன்றாம் ஆண்டு சிவில் மு. மாரீஸ்வரி இன்னும் இருபத்தேழு நிமிஷத்துக்குள் அந்தக் கதவு வழியாக வந்தால் அவளுக்குப் படிப்பு உண்டு, வராவிட்டால் இல்லை. அவளை வரவிடாமல் செய்த புண்ணியவான் வெளியே எங்கும் இல்லை. மேடைமேல் உட்கார்ந்து தலை எண்ணிக்கொண்டிருக்கிறார். வினாத்தாளும் அவர் தயாரித்ததுதான். அதில் பதினான்காம் கேள்வி அவளுக்காகவே போட்டது. அவள் வந்து அதைப் படிக்க வேண்டும், சரியான பதிலை எழுத வேண்டும், அவர் முழு மதிப்பெண் போட வேண்டும். ஒரு வார்த்தை பேசாமல் எல்லாம் தீர்ந்துபோக வேண்டும். எப்படி யோசனை. வாய் திறந்து கெடுத்ததைச் சிவப்பு மையால் சரிசெய்யலாம் என்று நாற்பத்தாறு வயதில் ஒரு ஆம்பிளை நம்பிக்கொண்டிருக்கிறார்.

கதவைப் பார்க்கக் கூடாது என்று மின்விசிறியைப் பார்த்தார். காற்றைவிடச் சத்தம் அதிகம் போட்டது அது. அவர் உள்ளே நுழைந்தபோது இத்தனை பேரும் எழுந்து நின்றார்கள், பெஞ்சுகள் தரையில் உரசிக் கிறீச்சிட்டன. பதினேழு வருஷமாகக் கேட்டுப் பழகிய அந்தச் சத்தம் ஃபின்லாந்தில் முதல் நாள் முதல் வகுப்பில் வராதபோது கால் வைத்த இடத்தில் படி இல்லாததுபோல் இருந்தது. கதவைத் திறந்துகொண்டு போய், மேசையருகே நின்று, காத்திருந்தார். யாரும் எழவில்லை. ஒருத்தி கேரட் கடித்துக்கொண்டிருந்தாள். ஒருவன் முன்னிருந்த நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டிருந்தான், அவர் பார்ப்பதைப் பார்த்து 'ஹாய்' என்றான், காலை எடுக்கவில்லை. இவர் எப்போது ஆரம்பிப்பார் என்று அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இவர்கள் எப்போது எழுவார்கள் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு முழு நிமிஷம் இப்படியே போயிற்று. கல்லூரிக்கும் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கும் ஏதோ ஒப்பந்தம், வருஷத்துக்கு ஒருவர் மூன்று வாரம் போய்ப் பாடம் நடத்திவிட்டு வரலாம் என்று. சீனியர் என்ற முறையில் இவர் பெயர் வந்தது. பெயர் என்றா சொன்னோம். கழுத்தில் மாட்டிவிட்ட அட்டையில் 'தங்கப்பழம்' என்று இருந்தது. அது அப்பாவின் பெயர். பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டம் இருக்கிறதே, அதில் எது ஆளின் பெயர் எது அப்பன் பெயர் என்று அந்த ஊர் அலுவலகத்துக்குப் பிடிபடவில்லை. சொல்லித் திருத்தியிருக்கலாம். முதல் நாளே சொல்லக் கூச்சம், இரண்டாம் நாள் நேரம் கடந்துபோயிற்று. தலைமையாசிரியராக இருந்து செத்த அப்பாவை ஊரில் ஒரு ஜீவன் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கோயில் அர்ச்சனையில் பேர் கேட்டால் அம்மா பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்லுவாள். அந்தப் பேரைப் பாதியாக வெட்டி இருபது வயசுப் பிள்ளைகள் மூன்று வாரம், 'தங்கா, ஒரு சந்தேகம்', 'தங்கா, சத்தமாகப் பேசுங்கள்' என்று கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் முதுகுக்குப் பின்னால் அப்பா பிரம்போடு நிற்பதாகத் தோன்றித் திரும்பிப் பார்க்கத் தூண்டும். ஒன்பது நாற்பது.

கதவு. கதவைப் பற்றி நினைக்கக் கூடாது என்றால் கதவுதான் வருகிறது. இங்கே தாமதமாக வருகிற பிள்ளை வாசலில் நின்று, 'மே ஐ கம் இன் சார்' என்று கேட்கும், அவர் உடனே திரும்ப மாட்டார், போர்டில் எழுதுவதை முடித்துவிட்டுத்தான் திரும்புவார், அதற்குள் அந்தப் பிள்ளை நாலு தடவை கேட்டிருக்கும். அப்படிக் காக்கவைப்பதில் ஒரு சுகம் இருந்தது என்பதை அவர் அங்கே போகிறவரை கண்டுகொண்டதில்லை. அங்கே இரண்டாம் நாள், அந்தக் கேரட் கடித்த பெண், ஐனோ என்று பேர், பத்து நிமிஷம் தாமதமாக வந்து, கதவைத் திறந்து, நேராகப் போய் உட்கார்ந்தாள். அவருக்குச் சுருக்கென்றது. வெளியே போய், அனுமதி கேட்டுவிட்டு உள்ளே வா என்றார். அந்தப் பெண் அவரையே பார்த்தாள், முகம் மலர்ந்தது, ஏதோ பாடத்தின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டாள். எழுந்து வெளியே போய், கதவைத் தட்டி, அவர் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளை அப்படியே சொல்லி உள்ளே வந்தாள். வகுப்பு கை தட்டியது. மறுநாள் தாமதமாக வந்த இரண்டு பையன்கள், யாரும் சொல்லாமலே, கதவைத் தட்டி, 'உள்ளே வரலாமா தங்கா' என்று கேட்டார்கள். கேலி இல்லை. இந்த மனிதருடைய நாட்டில் இப்படித்தான் வழக்கம் போலிருக்கிறது, நாம் அதை மதிக்க வேண்டும் என்று அவர்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்திருந்தார்கள். கேலி செய்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம். அந்த மரியாதைதான் அவரை அன்று மதியம் சாப்பிட விடவில்லை. அவரை அழைத்துப்போய் இடங்களைக் காட்டிக்கொண்டிருந்த பேராசிரியர் யூஹா, அந்தத் துறைக்கே தலைவர், சாப்பாட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்பார், சாப்பிட்ட மேசையைத் தானே துடைப்பார். சனிக்கிழமை வெந்நீராவிக் குளியலுக்கு வாருங்கள் என்றார், எல்லோரும் ஒன்றாக உட்காருவோம், துணி தேவையில்லை என்றார். சற்குணம் காய்ச்சல் என்று சொல்லி அறையிலேயே கிடந்தார். துணியில்லாமல் ஒரே பலகையில் உட்கார்ந்தால் யார் துறைத்தலைவர் யார் விருந்தாளி என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? சிரிப்பு வந்தது. தேர்வறையில் சிரிக்கக் கூடாது. இரண்டாவது வரிசைப் பையன் நிமிர்ந்து பார்த்தான். அவர் முகத்தை இறுக்கினார், அவன் குனிந்துகொண்டான். எவ்வளவு சுலபம்.

எழுந்து நடந்தார். சன்னல் பக்கம் போகாமல் சுவர்ப் பக்கமாக நடந்தார். சன்னல் பக்கம் போனால் காலிப் பெஞ்சைத் தாண்ட வேண்டும், சன்னலுக்கு வெளியே சன்ஷேடு தெரியும். சன்ஷேடைப் பார்த்தால் ஆகஸ்ட் மாதம் வரும். வந்துவிட்டது, பார்க்காமலே. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பு, பாதிப் பேர் தூக்கம், இவரும் பாதித் தூக்கத்தில் நோட்டைப் பார்த்துப் போர்டில் படம் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் சுவரில் உட்கார்ந்த உத்தரத்துக்குக் கம்பி அடியில் வரும். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடு அப்படியில்லை. அது தன் கனத்தில் குனியப் பார்க்கும், குனிந்தால் மேல்பக்கம் இழுபடும், இழுபடுகிற பக்கம்தான் கம்பி வேண்டும், ஆகவே மேலே. முதல் வருஷப் பிள்ளைக்குக்கூடத் தெரிய வேண்டிய விஷயம். போன வருஷம் நோட்டைப் புதிதாகப் பெயர்த்து எழுதியபோது இரண்டு படமும் இடம் மாறிவிட்டன, அவ்வளவுதான். சன்ஷேடுக்கு அடியில் கம்பியைப் போட்டு, அதற்குக் காரணமும் நாலு வரி எழுதி முடித்துவிட்டார். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், பணிவான குரல், எழுந்து நின்று கைகட்டிக்கொண்டு கேட்ட குரல்: "சார், சன்ஷேடுக்குக் கம்பி மேலதான சார் வரும்? எங்கப்பா மேலதான் கட்டுவாரு." போர்டைப் பார்த்தார். அந்த நொடியே தெரிந்துவிட்டது. பிறகு தெரிந்தது, ஃபின்லாந்தில் போய்த் தெரிந்தது என்றெல்லாம் தன்னிடமே பல நாள் சொல்லிப் பார்த்தார், அதெல்லாம் சும்மா. அப்போதே தெரிந்துவிட்டது. டஸ்டர் கையில் இருந்தது. அழித்துவிட்டு மேலே ஒரு கோடு போட மூன்று விநாடி ஆகியிருக்கும். கடைசிப் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தான். "உங்கப்பா எந்தக் காலேஜுல புரொபசரா இருக்காரு?" என்று கேட்டது அவர் வாய். "இல்ல சார், கம்பி கட்டுற வேலைக்குப் போறாரு." இப்போது வகுப்பே சிரித்தது, தூக்கம் கலைந்த சந்தோஷத்தில். "அப்ப நாளைலருந்து அவரையே வந்து கிளாஸ் எடுக்கச் சொல்லு. நீ வெளிய நில்லு." மாரீஸ்வரி நோட்டை மூடி வைத்துவிட்டுப் போய் நின்றாள். அவர் அந்தப் படத்துக்கு அடியில் ஒரு கோடு இழுத்து அடுத்த பாடத்துக்குப் போனார்.

அதோடு விட்டிருக்கலாம். எத்தனை இடத்தில் விட்டிருக்கலாம் என்று எண்ணத் தொடங்கினால் பத்து மணி வரைக்கும் எண்ணலாம். மன்னிப்புக் கடிதம் கேட்டார். அது இங்கே வழக்கம். செல்போன் அடித்தாலும் கடிதம், சட்டையை டக்-இன் பண்ணாவிட்டாலும் கடிதம், பெற்றோர் கையெழுத்தோடு. அவள் எழுதிக்கொண்டு வந்தாள்: வகுப்பு நேரத்தில் குறுக்கே பேசியதற்கு மன்னிக்கவும். அவர் படித்துவிட்டுக் கிழித்தார். ஆசிரியர் நடத்தியதைத் தவறென்று சொன்னது என் குற்றம் என்று எழுது என்றார். அவள் கண் அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவில் இருந்தது. பிறகு எழுதினாள். மறுநாள் அவள் அப்பா வந்தார். இதற்கு மேல் போக வேண்டாம். மணி என்ன, ஒன்பது நாற்பத்தேழு. இதற்கு மேல் போக வேண்டாம் என்று ஒவ்வொரு நாளும் இந்த இடத்தில்தான் நிற்கிறார், ஆனால் மனம் என்ன மாடா, தும்பைப் பிடித்து இழுத்தால் நிற்க. முத்துக்கருப்பன் என்று பேர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, காலரின் மடிப்பு கழுத்துக்குப் பழகவில்லை. விரல் இடுக்கெல்லாம் கம்பித் துரு ஏறிக் கறுத்த கை. அந்தக் கையால் கடிதத்தின் கீழே ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். இங்கத்தியத் துறைத்தலைவரும் கூட இருந்தார், அவர் ஒரு தமாஷுக்குத்தான் ஆரம்பித்தார். "ஏங்க, நீங்களே சொல்லுங்க, சன்ஷேடுக்குக் கம்பி எங்க வரும்?" அந்த மனிதர் மகளைப் பார்த்தார். சற்குணத்தின் கழுத்து டையைப் பார்த்தார். சுற்றுவட்டாரத்தில் இருபது வருஷமாக எத்தனை வீட்டுக்குச் சன்ஷேடு கட்டியிருப்பார், ஒன்று விழுந்ததுண்டா. "சார் எங்க சொல்றீகளோ அங்கதான் சார்" என்றார். துறைத்தலைவர் சிரித்தார். சற்குணமும் சிரித்தார், அதைத்தான் தாங்க முடியவில்லை, தானும் சிரித்தோம் என்பதை. மாரீஸ்வரி சிரிக்கவுமில்லை அழவுமில்லை. தன் அப்பாவைப் பார்த்தாள், முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை, பிறகு தரையைப் பார்த்தாள். ஒரு வாரம் வகுப்புக்கு வந்தாள், கடைசிப் பெஞ்சில் இருந்தாள். பிறகு வரவில்லை. அவர் விமானம் ஏறிவிட்டார்.

புரிந்ததா என்று கேட்பார். இங்கே அது ஒரு கேள்வியே இல்லை, மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு இடம். அறுபது வாய் ஒரே குரலில் 'புரிஞ்சுது சார்' என்று சொல்ல, அடுத்த வரிக்குப் போகலாம். அங்கே கேட்டார், ஒரு சத்தமும் இல்லை. மறுபடி கேட்டார். ஐனோ, 'இல்லை' என்றாள், மிகச் சாதாரணமாக, காபி வேண்டாம் என்று சொல்வதுபோல. எங்கே புரியவில்லை என்றார். 'சூத்திரத்தில் அந்த ஆறு எங்கிருந்து வந்தது தங்கா? அது எட்டு இல்லையா?' திரும்பிப் பார்த்தார். எட்டுதான். பதினேழு வருஷமாகக் கனவிலும் எட்டு என்று சொல்லும் வாய், கை ஆறு என்று எழுதிவைத்திருக்கிறது. கை டஸ்டரைத் தேடியது, தேடும்போதே வாய், 'நன்றி' என்றது. ஆறை அழித்து எட்டு எழுதினார். திரும்பினால் யாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, எல்லோரும் எட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். ஐனோ கேரட்டைக் கடித்தாள். அவ்வளவுதான் நடந்தது. அவரால் நம்ப முடியவில்லை. வகுப்பு முடிந்து தன் அறையில் உட்கார்ந்து, யாராவது கூப்பிடுவார்கள், யூஹா வந்து கதவைத் தட்டுவார் என்று காத்திருந்தார். சன்னலுக்கு வெளியே மஞ்சள் இலைகள் உதிர்ந்துகொண்டிருந்தன, ஒருவரும் வரவில்லை. தாங்க முடியாமல் சாப்பாட்டு மேசையில் அவரே சொன்னார், இன்று வகுப்பில் ஒரு தவறு செய்துவிட்டேன் என்று. 'அப்படியா. திருத்தினீர்களா?' 'திருத்தினேன்.' 'நல்லது. சூப் இன்று பரவாயில்லை, இல்லையா?' என்றார் யூஹா. சற்குணம் கரண்டியைக் கீழே வைத்தார். சூப் உப்பில்லாமல் இருந்தது, அதனால் அல்ல. முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு, வேற்று நாட்டில், ஒரு விநாடியில் நன்றி சொல்ல முடிந்த வாய்தான் இங்கே கைகட்டி எழுந்து நின்ற பெண்ணிடம் உங்கப்பா எந்தக் காலேஜ் என்று கேட்டது. நல்லவனாகிவிட்டோம் என்றுகூட ஒரு நாள் நினைத்துக்கொண்டார். நன்றாக யோசித்தால் அது நல்ல குணமில்லை, பயம். அங்கே அவரைக் காப்பாற்ற யாருமில்லை, எழுந்து நிற்கிற பெஞ்சுகள் இல்லை, அதனால் பணிந்தார். அவ்வளவுக்குத்தான் அந்த நன்றி.

திரும்பி வருகிற விமானத்தில் வாக்கியங்களை ஒத்திகை பார்த்தார். முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும், சன்ஷேடு படம் தப்பு, மாரீஸ்வரி சொன்னதுதான் சரி, நான் மன்னிப்புக் கேட்கிறேன். வந்து இறங்கினால் கல்லூரி வாசலில் பேனர், கோட்டு போட்ட அவர் படம். அரங்கத்தில் பொன்னாடை. வெளிநாட்டு அனுபவம் பற்றிப் பேசச் சொன்னார்கள். அங்கே மாணவர்கள் ஆசிரியரின் தவறைத் தயங்காமல் சுட்டிக்காட்டுகிறார்கள், ஆசிரியர்கள் அதை வரவேற்கிறார்கள், நாமும் அந்தப் பண்பாட்டை வளர்க்க வேண்டும் என்று பேசினார், கை தட்டல் நிற்க ரொம்ப நேரமாயிற்று. கேள்வி ஏதாவது உண்டா என்று கேட்டார். நானூறு பேரில் ஒருவருக்கும் கேள்வி இல்லை. மறுநாள் வகுப்பில் போர்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "ஆகஸ்ட்ல ஒரு சன்ஷேடு படம் போட்டேனே" என்று ஆரம்பித்தார். அறுபது பேனா, ஐம்பத்தொன்பது பேனா, மூடி கழன்றது. அங்கே அடைத்துக்கொண்டது வாக்கியம். முன்னாலும் போகவில்லை பின்னாலும் வரவில்லை. "அதை எல்லாரும் நல்லா பாத்துக்கோங்க" என்றார். எல்லோரும் அந்தப் பக்கத்தைப் புரட்டி, 'முக்கியம்' என்று எழுதிக் கட்டம் போட்டுக்கொண்டார்கள். திருத்தப் போனவர் தப்பைக் கட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். முத்துக்கருப்பனுக்குப் போன் பண்ணினார். "நல்லாருக்கீகளா சார், வெளிநாடெல்லாம் போயிட்டு வந்துட்டீகளா?" என்று அந்த மனிதர் உண்மையான சந்தோஷத்தோடு கேட்டார். மாரீஸ்வரி ஏன் வரவில்லை என்றார். "வீட்லதான் சார் இருக்கா. நாலு பேருக்கு முன்ன வாத்தியார எதுத்துப் பேசிட்டு, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு சார் அனுப்ப?" உங்கள் பெண் சொன்னதுதான் சரி. ஐந்து வார்த்தைகூட இல்லை, வெளியே வரவில்லை. "மாடல் எழுதலன்னா ஹால் டிக்கெட் தரமாட்டாங்க, அத மட்டுமாவது வந்து எழுதச் சொல்லுங்க" என்றார். "பாக்கலாம் சார்" என்றது போன். வேறு வழியில்லாமல்தான் பதினான்காம் கேள்வி: சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் வெளியே நீளும் சன்ஷேடுக்குப் படம் வரைந்து, கம்பி எந்தப் பக்கம் வரும் என்று காரணத்துடன் விளக்குக. மற்றவர்கள் என்ன எழுதுவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒரே ஒரு தாளுக்காகப் போட்ட கேள்வி.

ஒன்பது ஐம்பத்தாறு. சிவப்புப் பேனாவைத் திறந்து பார்த்தார், மூடினார். வருகைத் தாளில் அவள் பெயருக்கு எதிரே இருந்த வெற்றுக் கட்டத்தின்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டார். வராவிட்டாலும் நல்லதுதானோ என்று ஒரு நினைப்பு, எங்கிருந்துதான் வருமோ இதெல்லாம், வராவிட்டால் யாரும் எதையும் எழுத வேண்டியதில்லை, யாரும் எதையும் திருத்த வேண்டியதில்லை. சீ என்று தன்னையே வைதுகொண்டார். வாசலில் நிழல் தட்டியது. "மே ஐ கம் இன் சார்" என்று கேட்டது. அவர் அப்படி எழுந்ததில் நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது, ஐம்பத்தொன்பது தலையும் நிமிர்ந்தது. "வா, வா" என்றார், குரல் அவருடையதாகவே இல்லை. எண்ணெய் வைத்து இழுத்து வாரிய தலை, கையில் ஸ்கேலும் பேனாவும், மூச்சு வாங்கவில்லை, பதற்றம் இல்லை, பஸ் தாமதம் என்றுகூடச் சொல்லவில்லை. வெளியே வெயிலில் வெள்ளைச் சட்டையோடு முத்துக்கருப்பன் நின்று இவரைப் பார்த்துக் கும்பிட்டார். வந்துவிட்டாள். போதும் கடவுளே, வந்துவிட்டாள். தாளைக் கொடுக்கும்போது, கூடாதுதான், இருந்தாலும் குனிந்து, "பதினாலாவது கேள்விய நல்லா படிச்சுப் பாரு" என்றார் மெதுவாக. "சரி சார்" என்றாள். அறையெங்கும் தாள்கள் சரசரத்தன; காது கூர்மையான பிள்ளைகள், எல்லோரும் பதினான்காம் கேள்விக்குப் போனார்கள். அவர் மேடைக்குத் திரும்பிப் போய் நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்து, பத்து நிமிஷம் அங்கே பார்க்காமல் இருந்தார். அந்தப் பத்து நிமிஷமும் சந்தோஷமாகவே இருந்தார், பொய் சொல்வானேன். அவள் மேலே ஒரு கோடு போடுவாள். அவர் அதற்குப் பக்கத்தில் ஒரு டிக் போடுவார், பெரிதாக, பக்கத்தில் சின்னதாக 'சரி' என்றுகூட எழுதலாம். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் பார்ப்பாள், அவர் பார்ப்பார்.

எழுந்து சன்னல் பக்கமாக நடந்து, அவளுக்குப் பின்னால் போய் நின்றார். சார் சொன்னதால் அந்தக் கேள்வியைத்தான் முதலில் எழுதிக்கொண்டிருந்தாள். சுவர் வரைந்தாயிற்று, சன்ஷேடு வரைந்தாயிற்று, அளவெல்லாம் கச்சிதம், கம்பி கட்டுகிறவர் மகள் என்று படமே சொல்லியது. ஸ்கேலைச் சன்ஷேடின் அடிப்பக்கமாக வைத்தாள். பென்சில் தயங்கவில்லை. அடியில் ஒரு நீளக் கோடு இழுத்தாள், அம்புக்குறி போட்டுக் கம்பி என்று குறித்தாள், காரணம் என்று எழுதி, அன்று அவர் போர்டில் எழுதிய நாலு வரியையும் ஒரு வார்த்தை பிசகாமல் எழுதத் தொடங்கினாள். அவள் பழிவாங்குகிறாள், வேண்டுமென்றேதான் எழுதுகிறாள் என்று நினைத்தார், அப்படி இருக்க வேண்டும் என்று விரும்பினார். "மாரீஸ்வரி" என்றார். அவள் உடனே எழுந்து நின்றாள்.

"நல்லா யோசிச்சுத்தான் போட்டியா?"

"போர்டுல போட்டது இதான சார்."

"அது இருக்கட்டும்." எல்லோரும் பார்க்கிறார்கள், பார்க்கட்டும், இப்போது சொல்லிவிட வேண்டும். "உங்கப்பா... உங்கப்பா எங்க கட்டுவாரு?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபத்தைத் தேடினார் அந்த முகத்தில், குத்தலைத் தேடினார், ஒரு துளி கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளலாம் என்று தேடினார். ஒன்றுமில்லை. பாடம் ஒப்பிக்கிற பிள்ளையின் முகம்.

"அப்பா படிக்காதவரு சார்" என்றாள்.

சன்னலுக்கு வெளியே அந்தப் படிக்காத மனிதர் இன்னும் வெயிலில் நின்றுகொண்டிருந்தார், இவர் தலை தெரிந்ததும் மறுபடி கையைக் குவித்தார். சற்குணம் வாயைத் திறந்தார். "உக்காரு" என்றார்.

மாரீஸ்வரி உட்கார்ந்து, ஸ்கேலை வைத்து, கீழே போட்ட கோட்டை இன்னொரு தடவை அழுத்தி வரைந்தாள்.